பழைய ரேடியோவின் டிரான்ஸ்பார்மரை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரி கட்டை போட்டால் நன்றாகப் பாடும். கரண்டில் செருகினால் சத்தமே இருக்காது. 1970, 80களில் வந்த கைப்பிடி வைத்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களிலும் டூ-இன்-ஒன்களிலும் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தவை) இந்தக் குறை சகஜம். உள்ளே இருக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர்தான் பெரும்பாலும் காரணம், எப்போதும் அல்ல. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்து, ஒரு மல்டிமீட்டரும் வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதில்கள். 230 வோல்ட்டில் வேலை செய்து பழக்கமில்லாதவர்கள் படித்துவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

போனது டிரான்ஸ்பார்மர்தான் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதில் ஒழுங்காகப் பாடினால் ரேடியோவின் மற்ற பகுதி நலம் என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரியிலும் பாடவில்லை என்றால் டிரான்ஸ்பார்மரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அடுத்து, சுவரிலிருந்து கழற்றிய வயரை ரேடியோவில் செருகி, பிளக்கின் இரண்டு பின்களுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள். இந்த அளவு ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்று, அதாவது 230 வோல்ட் போகும் கம்பிச் சுருள், சில நூறு ஓமிலிருந்து சில ஆயிரம் ஓம் வரை காட்டும். ஏதாவது ஒரு அளவு காட்டினால் சுற்று அறுபடவில்லை. எதுவுமே காட்டவில்லை என்றால் உடனே டிரான்ஸ்பார்மர் மேல் பழி போடாதீர்கள். எட்டு வடிவ சாக்கெட்டில் செருகும் அந்த இரட்டைக் கம்பி வயர், பிளக்கை ஒட்டிய இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருப்பது மிகவும் சகஜம். வயரை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு ரேடியோவைத் திறந்து டிரான்ஸ்பார்மரின் கால்களிலேயே நேராக அளந்து பாருங்கள்.

முதல் சுற்று சரியாக இருந்தும் கரண்டில் பாடவில்லை என்றால், எட்டு வடிவ சாக்கெட்டின் உள்ளே இருக்கும் தகட்டைப் பாருங்கள். பல செட்டுகளில் வயரைச் செருகியதும் பிளாஸ்டிக் முனை ஒன்று அந்தத் தகட்டைத் தள்ளி, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, மெயின்ஸ் பக்கத்துக்கு மாற்றிவிடும். நாள்பட்ட தகடு கறுத்துப்போய் சரியாகத் தொடுவதில்லை. டிரான்ஸ்பார்மர், டயோடு எல்லாம் நன்றாக இருக்கும், கரண்ட் மட்டும் போய்ச் சேராது. கான்டாக்ட் கிளீனரில் ஒரு துளி, ஒரு காகிதத் துண்டால் தேய்ப்பு, அவ்வளவுதான் வேலை. இதைப் பார்க்காமல் டிரான்ஸ்பார்மர் வாங்க ஓடியவர்கள் நிறைய பேர்.

கழற்றும்போது எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

இந்த ரேடியோக்களில் பெரும்பாலானவற்றில் ஆன்/ஆஃப் ஸ்விட்ச் டிசி பக்கத்தில்தான் இருக்கும். அதாவது ரேடியோவை அணைத்திருந்தாலும், சுவரில் செருகியிருக்கும் வரை டிரான்ஸ்பார்மரின் முதல் சுற்றில் 230 வோல்ட் நிற்கும். சாக்கெட்டின் பின்பக்கத்து ஈயப் புள்ளிகளிலும் அதே 230 வோல்ட்தான், மேலே ஒரு மூடிகூட இருக்காது. ஸ்விட்சை அணைத்ததை நம்பிக் கை வைக்காதீர்கள். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணில் படும்படி மேசை மேல் வைத்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் ஏன் போகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் போகும். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

ஒன்று, வருடக்கணக்கில் சுவரிலேயே செருகிக் கிடப்பது. மேலே சொன்னபடி ஸ்விட்ச் அணைத்தாலும் முதல் சுற்று சூடாகவே இருக்கும். அந்தக் கம்பி தலைமுடி கனம்தான். இரவில் வோல்டேஜ் 250ஐத் தாண்டும் ஊர்களில் இரும்புக் கருவும் அளவுக்கு மேல் சூடாகும். கம்பியின் மேல் பூசிய எனாமல் பொரிந்து, பக்கத்துச் சுற்றோடு ஒட்டி ஷார்ட் ஆகிவிடும்.

இரண்டு, டிரான்ஸ்பார்மருக்கு அடுத்துள்ள டயோடு ஷார்ட் ஆவது, அல்லது ஃபில்டர் கெப்பாசிட்டர் கசிவது. சில செட்டுகளில் மெயின்ஸ் பக்கம் ஃபியூஸ் இருக்கும், ஆனால் அது இந்தச் சமயத்தில் பெரும்பாலும் உதவாது. 6 வோல்ட், 500 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் என்றால் முழுச் சுமையிலும் மெயின்ஸிலிருந்து இழுப்பது சுமார் 20 மில்லி ஆம்பியர்தான். 100 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் உருகுவதற்குள் டிரான்ஸ்பார்மர் வெந்துவிடும். ஆகவே புதியதைப் போடும் முன் டயோடுகளை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். இன்னும் சுலபம், கையோடு நான்கு 4007 டயோடும் ஒரு புதுக் கெப்பாசிட்டரும் போட்டுவிடுவது. கெப்பாசிட்டர் 1000 அல்லது 2200 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் இருந்தால் போதும். பழையது 10 வோல்ட் என்று போட்டிருந்தாலும் 25 வோல்ட் போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை.

மூன்று, வோல்டேஜ் செலக்டர். வளைகுடாவிலிருந்து வந்த டூ-இன்-ஒன்களின் பின்பக்கமோ பேட்டரி அறைக்குள்ளோ 110, 127, 220, 240 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். சவூதியில் 127 வோல்ட் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்ததால் அந்த ஏற்பாடு. வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாக அதை 110க்குத் தள்ளிவிட்டு, யாரோ 230இல் செருகினால் முடிந்தது கதை. புதிய டிரான்ஸ்பார்மர் 230க்கு மட்டும் என்றால் அந்தச் செலக்டரின் இணைப்பை அடியோடு கழற்றிவிடுங்கள்.

அறுந்திருப்பது உள்ளே இருக்கும் தெர்மல் ஃபியூஸ் மட்டும்தான் என்கிறார்களே?

இருக்கலாம். 80களுக்குப் பிந்தைய டிரான்ஸ்பார்மர்களில் முதல் சுற்றின் மேல் ஒட்டிய மஞ்சள் டேப்பைப் பிரித்தால், அடியில் ஒரு சின்ன உலோக உருளையோ வெள்ளைப் பெட்டியோ தெரியும். குறிப்பிட்ட சூட்டில் ஒரே ஒரு தடவை அறுந்துபோகும், மறுபடி சேராது. எத்தனை டிகிரி என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், 115, 130 என்பதுபோல.

அதை மட்டும் மாற்றினால் டிரான்ஸ்பார்மர் பிழைத்துவிடுமா? வயதான ஃபியூஸ் தானாக அறுந்திருந்தால் பிழைக்கும். ஷார்ட் காரணமாகச் சூடேறி அறுந்திருந்தால் மறுபடியும் அதேதான் நடக்கும். புது ஃபியூஸை ஈயம் வைக்கும்போது அதன் காலை ஒரு பிளையரால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சால்டரிங் சூட்டிலேயே அறுந்துவிடும். பதிலுக்கு ஒரு கம்பித் துண்டைப் போட்டு இணைத்துவிடுவது மட்டும் கூடவே கூடாது. பிளாஸ்டிக் பெட்டிக்குள், படுக்கைக்குப் பக்கத்தில், இரவு முழுக்கச் செருகிக் கிடக்கும் பொருள் இது.

புதியது எத்தனை வோல்ட் வாங்க வேண்டும்?

அதிகம் தவறு நடக்கும் இடம் இது. ரேடியோ எத்தனை பேட்டரி கட்டையில் ஓடுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு 1.5 வோல்ட். நான்கு என்றால் 6, ஆறு என்றால் 9. ரேடியோவுக்கு வேண்டியது அந்த டிசி. டிரான்ஸ்பார்மர் மேல் எழுதியிருப்பதோ ஏசி, அதுவும் முழுச் சுமையில் தரும் ஏசி. இரண்டும் ஒன்றல்ல.

கணக்கு இப்படி. ஏசி வோல்ட்டை 1.41ஆல் பெருக்குங்கள். நான்கு டயோடு பிரிட்ஜ் என்றால் 1.4 கழியுங்கள், நடுக் கம்பியுடன் இரண்டு டயோடு என்றால் 0.7 கழியுங்கள். 6 வோல்ட் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ்: 8.5 கழித்தல் 1.4, சுமார் 7.1 வோல்ட் டிசி. இதோடு முடியவில்லை. சின்ன டிரான்ஸ்பார்மர்கள் சுமை இல்லாதபோது எழுதியதைவிடக் கூடுதலாகவே தரும். 6 என்று போட்டது 7 அல்லது 7.5 காட்டுவது சாதாரணம். சத்தம் குறைவாக வைத்துக் கேட்கும்போது டிசி 8ஐத் தாண்டிவிடும்.

கம்பெனி டிரான்ஸ்பார்மரும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொண்டது, அதனால் பயப்பட வேண்டாம். பொருத்தியதும் குறைந்த சத்தத்தில் அளந்து பாருங்கள். 6 வோல்ட் ரேடியோவுக்கு 7.5 வரை விட்டுவிடலாம். 8க்கு மேல் போனால் டிசி வழியில் ஒரு 4007ஐத் தொடராகச் சேருங்கள், ஒவ்வொன்றும் 0.7 வோல்ட்டைத் தின்னும். அல்லது 7806 ரெகுலேட்டர் ஐசி போடுங்கள். அந்த ஐசிக்குள் போகும் வோல்ட் குறைந்தது 8ஆவது இருக்க வேண்டும் என்பதால் 7.5 அல்லது 9 வோல்ட் டிரான்ஸ்பார்மராக வாங்கிக்கொண்டு, ஐசிக்கு ஒரு சின்ன அலுமினியத் தகடும் கொடுங்கள்.

9 வோல்ட் ரேடியோவுக்கு 7.5 வோல்ட் டிரான்ஸ்பார்மரும் பிரிட்ஜும் கச்சிதம். 9 வோல்ட் வாங்கிப் பிரிட்ஜ் போட்டால் 11க்கு மேல் வரும், கொஞ்சம் அதிகம்.

கடையில் 6-0-6 தான் இருக்கிறது. அதை எப்படி இணைப்பது?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் மற்ற ஊர் ஸ்பேர் கடைகளிலும் சுலபமாகக் கிடைப்பது 6-0-6, 9-0-9, 12-0-12 வகைகள். 6-0-6 என்றால் நடுக் கம்பிக்கும் ஒரு ஓரத்துக்கும் 6, இரண்டு ஓரங்களுக்கும் நடுவே 12. நடுக் கம்பியை விட்டுவிட்டு இரண்டு ஓரங்களையும் பழைய பிரிட்ஜில் பற்றவைத்தால் 15 வோல்ட்டுக்கு மேல் டிசி வரும். 6 வோல்ட் ரேடியோவின் ஆடியோ ஐசி அதைத் தாங்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பிரிட்ஜ் உள்ள செட்டில் நடுக் கம்பியையும் ஒரு ஓரத்தையும் மட்டும் இணைத்து, மிச்சக் கம்பியை நறுக்காமல் முனையில் ஸ்லீவ் (இன்சுலேஷன் குழாய்) போட்டு மடித்து வைத்துவிடுங்கள். இரண்டு டயோடு உள்ள செட்டில் 6-0-6 அப்படியே பொருந்தும், ஆனால் வோல்ட் கொஞ்சம் உயரும். அங்கே 4.5-0-4.5 கிடைத்தால் இன்னும் நல்லது.

எத்தனை மில்லி ஆம்பியர்?

சாதாரண ரேடியோவுக்கு 300 போதும், டூ-இன்-ஒன் என்றால் 500, இரட்டை ஸ்பீக்கர் ஸ்டீரியோ செட்டுக்கு 1 ஆம்பியர். அதிகமாக வாங்குவதால் ரேடியோவுக்கு ஆபத்து இல்லை, இடம்தான் பிரச்சினை. சந்தேகமாக இருந்தால் பேட்டரியில் ஓட்டி, மீட்டரைத் தொடராக வைத்து, முழுச் சத்தத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, அதைப்போல ஒன்றரை மடங்கு எடுங்கள்.

எது மெயின்ஸ் பக்கம், எது டிசி பக்கம்? வயர் நிறம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதே.

நிறத்தை நம்பாதீர்கள், ஓமை நம்புங்கள். நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ காட்டுவது 230 வோல்ட் பக்கம். ஓரிரு ஓமோ அதற்கும் கீழோ காட்டுவது குறைந்த வோல்ட் பக்கம். மாற்றிக் கொடுத்தால் டிரான்ஸ்பார்மர் அந்த நொடியிலேயே போய்விடும்.

மலிவான டிரான்ஸ்பார்மர் வாங்கலாமா?

இந்த ரேடியோக்களுக்கு எர்த் கிடையாது, இரண்டு பின் மட்டும்தான். ஏரியலைத் தொடும் கைக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் காவல் நிற்பது டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் ஒன்றுதான். எனவே இதில் பத்து இருபது ரூபாய் மிச்சம் பிடிப்பது எனக்குச் சம்மதம் இல்லை. வாங்கும்போது பாபினை, அதாவது கம்பி சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டை, பாருங்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் சுவர் இருந்து, முதல் சுற்று ஒரு பக்கம், இரண்டாம் சுற்று மறுபக்கம் என்று பிரித்துச் சுற்றியிருந்தால் அதை எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி நடுவில் வெறும் காகிதம் வைத்ததைத் தவிர்க்கலாம். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) இருந்தால், இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே 500 வோல்ட்டில் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பழையதையே மறுபடி சுற்றித் தருவார்களா?

தருவார்கள், ஆனால் மோட்டார் காயில் கட்டும் எல்லாக் கடையிலும் அல்ல. கருவின் நடுக்கால் பரப்பு 2 சதுர செ.மீ. என்று வைத்தால் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 22 சுற்று வரும். 230 வோல்ட்டுக்கு 5,000 சுற்றுக்கு மேல், 44 அல்லது 46 கேஜ் கம்பியில். மின்விசிறிக் காயில் கட்டிப் பழகிய கைக்கு இந்தக் கம்பி தொட்டாலே அறுந்துவிடும். பொருத்துவதற்கு வேறு எதுவும் கிடைக்காத அபூர்வ செட்டு என்றால் மட்டும் இந்த வழி. கொடுக்கும்போது, இரண்டாம் சுற்றைப் பிரிக்கையில் எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பெனி என்ன வோல்ட் வைத்திருந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

புதியது உள்ளே போகவில்லை. செல்போன் சார்ஜர் போர்டைப் பிரித்து வைத்துவிடலாமா?

வைக்கலாம், பாடும், ஆனால் மீடியம் வேவ் போய்விடும். சார்ஜர் போர்டு மெயின்ஸை வேகமாக வெட்டி வெட்டித் தருவது. அந்த வெட்டின் இரைச்சல் முழுக்க மீடியம் வேவிலும் சிற்றலையிலும்தான் விழுகிறது. பக்கத்திலேயே ஏரியலாக ஃபெரைட் கம்பி இருக்கிறது, அது அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் பக்கத்திலேயே இருந்தால் கேட்கும், தூரத்திலிருந்து திருச்சியின் 936ஐப் பிடிப்பவருக்கு ‘கிர்ர்’ மட்டும்தான். எஃப்எம் மட்டும் கேட்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

இடம் போதாவிட்டால் டிரான்ஸ்பார்மரை வெளியே வையுங்கள். அந்தக் காலத்தில் பேட்டரி எலிமினேட்டர் என்று விற்றார்களே, கனமான கறுப்புப் பெட்டி, அதுபோல இரும்பு டிரான்ஸ்பார்மர் உள்ள ஒன்றை டிசி துளையில் செருகிவிடலாம். ரேடியோவையும் வெட்ட வேண்டியதில்லை. பிளஸ் மைனஸ் மட்டும் பார்த்துச் செய்யுங்கள்: ஜப்பான் செட்டுகள் பலவற்றில் டிசி துளையின் நடு முனை மைனஸ். துளைக்குப் பக்கத்தில் அச்சிட்ட படத்தைப் பாருங்கள், இல்லையென்றால் பேட்டரி அறையிலிருந்து மீட்டரால் தொடர்பு பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

1960களின் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் இதேதானா?

கணக்கு அதேதான், கண்டிப்பு கூடுதலாக வேண்டும். AC128 என்று எண் போட்டது போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் சூட்டுக்குப் பயப்படுபவை. வோல்ட் கூடினால் சூடாகும், சூடானால் இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும், அப்படியே எரிந்துபோகும். இங்கே ரெகுலேட்டர் ஐசி போடாமல் விடாதீர்கள். இந்த செட்டுகள் பலவற்றில் பொதுத் தரைக் கம்பி பிளஸ்ஸில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வால்வு செட்டைத் திறந்தேன், டிரான்ஸ்பார்மரையே காணோம்.

சில பழைய வால்வு செட்டுகளில் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே கிடையாது, சேசிஸ், அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டம், நேராக மெயின்ஸில் நிற்கும். மூடிவிட்டு அந்த வகையில் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த 110 வோல்ட் ரேடியோவில் 230 டிரான்ஸ்பார்மர் போடலாமா?

தாராளமாக. வெளியே ஸ்டெப் டவுன் வைத்து ஓட்டுவதைவிட இதுதான் சரி, ஏனென்றால் அதற்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். கடிகாரம் சேர்ந்த செட்டாக இருந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம்: மெயின்ஸ் துடிப்பை எண்ணி ஓடும் வகை என்றால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். டிரான்ஸ்பார்மர் மாற்றினாலும் அது சரியாகாது. சில செட்டுகளில் 50/60 மாற்ற உள்ளே ஒரு ஜம்பர் இருக்கும்.

முதல் தடவை எப்படி ஆன் செய்வது?

நேராகச் செருகாதீர்கள். பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு ஒன்றை மெயின்ஸ் வழியில் தொடராக வையுங்கள். ஜீரோ என்று பெயர்தானே தவிர அது 15 வாட் அளவுக்கு இழுக்கும், அந்த அளவுதான் நமக்கும் வேண்டும். எல்இடி பல்பு உதவாது. ரேடியோவை அணைத்து வைத்துச் செருகும்போது பல்பின் இழை கறுப்பாகவே இருந்தால் நலம். சிவக்க ஆரம்பித்தால் உடனே கழற்றுங்கள், எங்கோ ஷார்ட் இருக்கிறது. அப்புறம் ரேடியோவை ஆன் செய்து, டிசி வோல்ட் பார்த்து, கால் மணி நேரம் பாட விட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடும் வார்னிஷ் வாடையும் சரியல்ல.

மாற்றிய பிறகு ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் வருகிறது.

மூன்று விதமான இரைச்சல் உண்டு. எப்போதும், சத்தத்தைக் குறைத்தாலும் வருவது என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டர் வறண்டிருக்கிறது. ஸ்டேஷன் பிடிக்கும்போது மட்டும் வருவது என்றால் ஒவ்வொரு டயோடுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோ ஃபாரட் செராமிக் டிஸ்க் ஒன்றைப் பற்றவையுங்கள். கம்பெனி போர்டில் அது இருந்திருக்கும், டயோடு மாற்றும்போது தூக்கி எறிந்திருப்பார்கள்.

கேசட் போட்டால் மட்டும் வருவது என்றால் டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம் டேப் ஹெட்டில் விழுகிறது. இதற்கு மருந்து திசைதான். ஸ்க்ரூ போடும் முன், பிளே பொத்தானை அழுத்தி, இன்சுலேஷன் முழுக்கப் போட்ட டிரான்ஸ்பார்மரை காய்ந்த மரக்குச்சியால் தள்ளி மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அந்தக் கோணத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பிளக்கைக் கழற்றிய பிறகு அங்கேயே நட்டு போல்ட்டால் இறுக்குங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். சூட்டில் விட்டுவிடும், கனமான இரும்பு உள்ளே உருண்டு போர்டை உடைக்கும்.

இனிமேல் போகாமல் இருக்க என்ன செய்வது?

குறைந்த வோல்ட் பக்கம், டயோடுக்கு முன்னால், அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். அடுத்த தடவை டயோடுக்குப் பின்னால் ஏதாவது ஷார்ட் ஆனால் அது போகட்டும். கேட்டு முடித்ததும் ரேடியோவில் மட்டும் அணைக்காமல் சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள்.